டிசால்வ் போட்டு மறைக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

12 நிமிடக் குறும்படம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். சமையலறையில் அம்மாவும் மகனும் பேசும் காட்சியில் ஒவ்வொரு கட்டும் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டு) குதிக்கிறது. டிசால்வ் (ஒரு ஷாட் மங்கி மறைய, அடுத்தது அதன்மேல் தெளிந்து வருவது) போட்டால் கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் பார்த்தவர்கள் கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது என்கிறார்கள். சில டிசால்வில் படம் உறைந்தும் நிற்கிறது. எங்கே தவறு?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பார்த்தவர்கள் சொன்னது சரி. டிசால்வ் வந்தாலே நேரம் போய்விட்டது என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் பேச்சின் நடுவே அதைப் போட்டால், அம்மா கேட்டதற்கு மகன் அரைமணி கழித்துப் பதில் சொல்வதுபோல் ஆகிவிடும்.

குதிப்பின் வேர் பெரும்பாலும் ஷாட்டிலேயே இருக்கும். ஒரே ஆளை ஏறக்குறைய ஒரே அளவில், கேமராவைச் சற்றே நகர்த்தி எடுத்த இரண்டு ஷாட்டுகளை ஒட்டினால் குதிக்கத்தான் செய்யும். கோணம் 30 டிகிரியாவது மாற வேண்டும். மறுபடி எடுக்க வழியில்லை என்றால் நடுவில் கேட்பவர் முகத்தையோ அடுப்பையோ வையுங்கள். அல்லது இரண்டில் ஒரு ஷாட்டைப் பெரிதாக்கி அளவை மாற்றுங்கள். 4கே என்ற பெரிய அளவில் எடுத்து, அதில் பாதி அகலமுள்ள 1080-ல் முடிப்பதாக இருந்தால் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம், கூர்மை போகாது. 110 சதவீதம் மட்டும் பெரிதாக்கினால் அது பிழைபோலவே தெரியும். 150க்கு மேல் போங்கள்.

அம்மா டம்ளரை எடுக்கும் இடம் இருக்கிறதா? டம்ளர் மேடையிலிருந்து நாலு விரல் உயர்ந்ததும் மிட் ஷாட்டை (இடுப்புவரை தெரியும் ஷாட்) வெட்டி, க்ளோஸ்-அப்பில் அதே உயரத்திலிருந்து தொடருங்கள். கண் அசைவின் பின்னால் ஓடும்போது வெட்டு தெரியாது, கை நின்றபின் வெட்டினால் தெரியும். கணக்காகப் பொருத்தியும் தாவுகிறதென்றால் க்ளோஸ்-அப்பை அசைவின் 2, 3 பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) முன்னதாகத் தொடங்குங்கள். புதுப் படத்தில் கண் அந்தக் கையைத் தேடிப் பிடிக்க அவ்வளவு அவகாசம் வேண்டும்.

ஒலியையும் பாருங்கள். பலர் படத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், குதிப்பது ஃபிரிட்ஜின் உறுமலாக இருக்கும். யாரும் பேசாத 30 வினாடி ரூம் டோனை (அந்த அறையின் இயல்பான இரைச்சலை)க் காட்சி முழுக்க அடியில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஒலி வெட்டிலும் 2 பிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தணிய, அடுத்தது எழுவது) கொடுங்கள். மகன் பேசத் தொடங்குவதை அம்மாவின் முகத்தின்மேல் 8, 10 பிரேம் கேட்கவிட்டு, பிறகு மகனுக்கு வெட்டுங்கள். ஜே கட் என்பது இதுதான். உரையாடல் காட்சியை இதைவிட மிருதுவாக்கும் வித்தை எனக்குத் தெரிந்து வேறில்லை.

படம் உறைவதற்குக் காரணம், வெட்டுக்கு அப்பால் அந்த ஷாட்டில் மிச்சப் படம் இல்லாதது. 24 பிரேம் டிசால்வ் வெட்டின் நடுவில் அமர்ந்தால் போகும் ஷாட்டின் பின்னால் 12, வரும் ஷாட்டின் முன்னால் 12 பிரேம் கூடுதலாக வேண்டும். இல்லாதபோது மென்பொருள் ஓரத்துப் பிரேமையே நீட்டுகிறது. இருபுறமும் 12 பிரேம் உள்ளே வெட்டிக்கொள்ளுங்கள். அந்த மிச்சத்தில் நடிகர் கேமராவைத் திரும்பிப் பார்த்திருந்தால் டிசால்வில் ஆவிபோலத் தெரியும், கவனம்.

நேரம் தாண்டும் இடத்திலும் டிசால்வ் கட்டாயமில்லை. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) தீக்குச்சியை ஊதி அணைப்பதும் பாலைவனச் சூரியோதயமும் சேரும் இடம் முதலில் டிசால்வாகத்தான் திட்டமிடப்பட்டது. பிலிம் காலத்தில் டிசால்வ் லேபில் உருவாகும். அதுவரை ஒர்க் பிரிண்டில் (எடிட்டர் வெட்டி ஒட்டிப் பார்க்கும் பிரதி) இரண்டு ஷாட்டும் வெறுமனே ஒட்டியிருக்கும். அப்படிப் போட்டுப் பார்த்தபோது எடிட்டர் ஆன் கோட்ஸுக்கும் இயக்குநர் டேவிட் லீனுக்கும் அந்த நேர்வெட்டே பிடித்துப்போயிற்று. அதையே வைத்துக்கொண்டார்கள்.

நீங்களும் எல்லா டிசால்வையும் எடுத்துவிட்டு, முதலில் கண்ணை மூடிக்கொண்டு காட்சியைக் கேளுங்கள். ஒலி உதைக்கும் இடங்களைச் சரிசெய்தபின் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் குதிக்கிற வெட்டுகளுக்கு மட்டும் அந்த அடுப்பு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.