மூன்று மாதத் தானத்துக்கு அழைப்பு: சைவக் குடும்பம் எப்படிக் கலந்துகொள்வது?

கேள்வி: பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் அம்மா காலமாகி மூன்று மாதமாகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறார்கள். எங்களையும் குடும்பமாக வரச் சொல்லியிருக்கிறார். நாங்கள் சைவர், மாமியார் மச்சம் தொடமாட்டார். என்ன கொண்டுபோவது? பிக்குகளை விழுந்து கும்பிட வேண்டுமா? சீலம் சொல்லும்போது நாங்களும் சொல்லலாமா? திரும்பி வந்து முழுக வேண்டுமா?
– கொழும்புக்கு அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: கட்டாயம் போங்கள், தங்கச்சி. நமக்கு அந்தியேட்டி எப்படியோ அவர்களுக்கு மூன்று மாதத் தானம் அப்படி. இறந்தவருக்காகப் புண்ணியம் சேர்த்து அவர் பேரில் கொடுக்கிற நாள். அதற்கு உங்களைக் கூப்பிட்டிருப்பது வெறும் உபசாரத்துக்காக இல்லை.

முதலில் நேரம். நண்பகல் தாண்டினால் மறுநாள் விடியும்வரை பிக்குகள் சாப்பிடக் கூடாது என்பது விநய விதி, அதாவது பிக்குகளுக்கான ஒழுக்க விதி. அதனால் பகல் தானம் 12 மணிக்குள் முடிந்தாக வேண்டும். மத்தியானச் சாப்பாடுதானே என்று 12:30-க்குப் போய் நின்றால், பந்தியும் ‘பிரித்’ ஓதலும் முடிந்திருக்கும். பத்து மணிக்கே போய்விடுங்கள். குசினியில் கைகொடுக்க ஆள் தேவைப்படும் நேரம் அது.

வெள்ளை, அல்லது வெளிர் நிறத்தில் உடுத்துங்கள். வெள்ளைச் சேலை என்றதும் மாமியார் முகம் சுளிக்கலாம். அங்கே வெள்ளை துக்க நிறம் மட்டுமில்லை, விகாரைக்குப் போகும் உடுப்பும் அதுதான் என்று சொல்லுங்கள்.

கொண்டுபோக ஒரு மரக்கறி போதும், ஆனால் அக்காவிடம் கேட்டுவிட்டுச் சமையுங்கள். தான வீட்டில் மீனோ கோழியோ இருக்கும், திகைக்க வேண்டாம். தனக்கென்று கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, அப்படிச் சந்தேகமும் இல்லை என்றால் பிக்கு அதை ஏற்கலாம் என்பதே இலங்கையில் வழங்கும் தேரவாத பௌத்தத்தின் விதி. மாமியாருக்கு மரக்கறியைத் தனியே எடுத்துவைக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் கறியில் வீட்டில் யாரும் முதலில் கைவைக்க வேண்டாம். சமைத்ததில் முதல் பங்கு சிறு கிண்ணங்களில் புத்தருக்குப் போகும், அதன் பிறகுதான் பிக்குகளுக்கு, கடைசியில் நமக்கு. சமைக்க நேரமில்லையென்றால் துவாய், சவர்க்காரம், தேயிலை, சீனி என்று விகாரையில் அன்றாடம் பயன்படும் பொருள் எதுவும் நல்லது. பூ கொண்டுபோனால் மோந்து பார்க்காதீர்கள். அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிக்குகள் வரும்போது வாசலில் ஒருவர் அவர்கள் காலைக் கழுவித் துடைத்துவிடுவார். நிலத்தில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். அது அவர்கள் நடந்து வர, நீங்கள் மிதிக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். புத்தரின் தாதுப் பேழையை (புனித எச்சம் வைத்த பெட்டியை) ஒருவர் தலையில் வைத்துக் கொண்டுவருவார். அப்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு பாயில் உட்காருங்கள். பிக்குகள் பக்கம் கால் நீட்ட வேண்டாம், அவர்களைவிட உயர்ந்த கதிரையும் வேண்டாம். விழுந்து கும்பிடுவது உங்கள் விருப்பம், கைகூப்பினாலே போதும். அவர்கள் திருப்பிக் கைகூப்பமாட்டார்கள். வழக்கம் அப்படி, மனம் கோணாதீர்கள். நீங்களோ மாமியாரோ ஏதாவது கொடுக்கும்போது கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீலம் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. முதலில் வருவது திரிசரணம்: புத்தர், தர்மம், சங்கம் மூன்றையும் சரணடைவதாகச் சொல்வது. அது நம்பிக்கையின் வாக்கு. மனம் ஒப்பவில்லையென்றால் கைகூப்பியபடி பேசாமல் இருங்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அடுத்து வரும் ஐந்து சீலங்கள் வேறு வகை. ஒவ்வொன்றும் ‘வேரமணி சிக்காபதம் சமாதியாமி’ என்று முடியும். ‘விலகியிருக்கும் பயிற்சியை ஏற்கிறேன்’ என்று பொருள். கொல்லாமை, களவாடாமை, தவறான காம ஒழுக்கம் கொள்ளாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை. எந்தத் தெய்வமும் இடுகிற கட்டளையாக அவை சொல்லப்படுவதில்லை. தானே தனக்கு ஏற்றுக்கொள்கிற பயிற்சி. சைவர் வாய்விட்டுச் சொல்ல இதில் என்ன தடை இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற செல்வர், நிகண்டர்களின், அதாவது சமணத் துறவிகளின் அடியார், புத்தரோடு வாதாட வந்து அவரையே பின்பற்றத் தொடங்கினார். அவரிடம் புத்தர், ‘உன் வீடு நெடுங்காலம் நிகண்டர்களுக்குக் கிணறாக இருந்தது, இனியும் அவர்கள் வந்தால் பிச்சை இடு’ என்றார். தன்னிடமே வந்துவிட்டவரைக்கூடப் பழைய உறவை அறுக்கச் சொல்லாதவர் அவர். அண்டை வீட்டாராக நீங்கள் போய் உட்காருவதில் உங்கள் சமயத்துக்கு ஒரு குறையும் வராது.

சாப்பாடு முடிந்ததும் பிக்குகளுக்குப் பிரிகர கொடுப்பார்கள். முதன்மையானது அட்ட பிரிகர: மூன்று சீவரம் (பிக்குகளின் ஆடை), பாத்திரம், சவரக் கத்தி, ஊசி, இடைக்கச்சு, நீர் வடிகட்டி என எட்டுப் பொருள். அந்தப் பொதி கைமாறிக் கைமாறி வரும், வந்திருக்கும் எல்லோரும் தொட்டுக் கொடுப்பார்கள். உங்களிடம் வரும்போது தயங்காமல் தொடுங்கள். மாமியாரையும் தொடச் சொல்லுங்கள். அந்தத் தொடுகையால் அது உங்கள் தானமும் ஆகிறது.

கடைசியில் தண்ணீர். தட்டில் ஒரு கோப்பை வைத்து, குடும்பத்தார் சேர்ந்து கெண்டியைப் பிடித்து, கோப்பை நிறைந்து வழியும்வரை மெல்ல ஊற்றுவார்கள். மேட்டில் பெய்த நீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் இங்கே கொடுத்தது மறைந்தவர்களைச் சேரட்டும் என்று பிக்குகள் பாளியில் ஓதுவார்கள். ‘இதம் மே ஞாதீனம் ஹோது’, அதாவது ‘இது என் உறவினரைச் சேரட்டும்’ என்று வீட்டார் சொல்வார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு அந்த இடத்தில் மொழிபெயர்ப்பே தேவைப்படாது. அக்கா கைகாட்டிக் கூப்பிட்டால் போய் அவர் தோளையோ கையையோ தொட்டுக்கொண்டு நில்லுங்கள். ‘சாது, சாது, சாது’ என்று எல்லோரும் சொல்லும்போது நீங்களும் சொல்லலாம்.

துடக்கு என்று எதுவும் இல்லை, முழுகத் தேவையில்லை. பிக்குகள் புறப்பட்ட பிறகு உங்களுக்குத் தட்டு வரும். அவசரம் என்று எழும்பிவிடாமல் இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அக்காவின் அம்மாவின் பெயரை மட்டும் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிக்கு ஓதுகிற பாளிக்கும் சிங்களத்துக்கும் நடுவே அந்தப் பெயர் வரும்போது உங்களுக்கும் தெரிய வேண்டும்.