அத்தை வீட்டுப் புலி

வணக்கம் ஐயா,

போன வாரம் நீங்கள் போட்ட விலங்குப் படங்களைப் பார்த்தோம். புலி, தெனுக் (டேபிர்), நாரை எல்லாமே அருமை. ஆனால் ஒரு படத்திலும் கூண்டு இல்லை, கம்பி இல்லை. "ஐயா காட்டுக்குள்ள போயித்தான் எடுத்திருக்காரு" என்கிறேன் நான். "இந்த வெயில்ல அவராவது காட்டுக்குப் போறதாவது, சூதான் லா" என்கிறார் என் மனைவி, மிருகக்காட்சிசாலையைச் சொல்லி. தோற்றவர் நாசி கண்டார் சோறு வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். கம்பி எங்கே போனது? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

*

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சூ நெகாராதான், நம் தேசிய மிருகக்காட்சிசாலை. கோலாலம்பூர் பக்கத்தில் உலு கிள்ளானில், 1963-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்த அதே இடம். தோட்டத்துப் பள்ளியிலிருந்து பஸ் ஏற்றி அழைத்துப் போனபோது எனக்குப் பத்து வயது. அன்று பார்த்ததில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது யானையும் இல்லை, புலியும் இல்லை. திரும்பும் வழியில் என் சட்டையில் வாந்தி எடுத்த சிநேகிதன்தான்.

கம்பி எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. நீள லென்ஸை வலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோய், லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை முழுக்கத் திறந்துவிட்டு, விலங்கு வலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது கம்பி மங்கி மங்கிக் காணாமலே போய்விடும். ஒன்றே ஒன்று, வெயில் படும் கம்பியாக இருக்கக்கூடாது. இருந்தால் படத்தின் மேல் பால் சிந்தினதுபோல ஒரு வெளுப்பு நிற்கும். நிழலில் இருக்கும் கம்பியாகப் பார்த்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. கற்றுக்கொண்ட பிறகுதான் வினை.

அந்தப் புலிப் படத்தைக் கிள்ளானில் இருக்கும் என் அத்தைக்கு அனுப்பினேன். "பயமா இல்லையாய்யா?" என்று கேட்டார். கேட்ட உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் நாக்கு எழவில்லை. "கொஞ்சம் பயம்தான் அத்தை" என்றேன். (பொய்யில்லை. பார்க்கிங்கில் விட்ட காரைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.) அடுத்த மாதம் போனால், படம் சட்டத்துக்குள் போய் சாமி அறையில், துர்க்கையம்மன் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. புலியின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். வருகிறவர்களிடமெல்லாம், "என் மருமகன் பகாங் காட்டுக்குள்ள போயி எடுத்துட்டு வந்தது. பாருங்க, அம்மனோட பார்வை!" என்கிறார்.

அந்தப் பார்வையின் கதை எனக்குத்தான் தெரியும். நாற்பது நிமிடம் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்த புலி அது. வால் நுனி மட்டும் அவ்வப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து, என் கண்ணுக்குள் நேராகப் பார்த்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், என் தோளுக்குப் பின்னால் பராமரிப்பாளர் கோழி வாளியோடு வந்துகொண்டிருக்கிறார்.

காட்டுப் புலி என்று நம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2022-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி தீபகற்ப மலேசியாவின் காடுகளில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. அந்தக் கணக்குக்கான படங்களை எடுத்ததும் மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்கள். கேமராவுக்குப் பின்னால் என் தொப்பை மாதிரி ஒன்று நின்றிருந்தால் அந்தப் பக்கம் புலி வந்திருக்குமா?

தெனுக் வேறு மாதிரி ஏமாற்றும். முன்னாலும் காலிலும் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளை. வெள்ளைக்கு வெளிச்சத்தைச் சரிசெய்தால் தலையும் காலும் நிழலில் கரைந்துபோய், ஒரு வெள்ளைத் துணி தானாக நடந்து வருகிறது. கறுப்புக்குச் சரிசெய்தால் முதுகு வெந்துபோகிறது. இரவில் காட்டுக்குள் உருவம் பிரிந்து தெரியாமல் இருக்கத்தான் இந்த உடுப்பு என்கிறார்கள். ஆக, புலியை ஏமாற்ற உண்டான சட்டை என் கேமராவையும் ஏமாற்றுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமிக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "அம்மா, தாத்தா குளிச்சிட்டுத் துண்டு கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு தெனுக்கை என்னால் வேறு மாதிரி பார்க்கவே முடியவில்லை.

பாண்டாப் படம் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த ஜோடி 2025 மே மாதம் சீனாவுக்குத் திரும்பிப் போனது. இடையில் நாலைந்து முறை போனேன். ஏர்கண்டிஷன் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிந்து, அடுத்த அரை மணி நேரத்துக்கு எதை எடுத்தாலும் பனிமூட்டத்தில் கேமரன் மலை. பாண்டாக்கள் மூங்கில் தின்றன. எல்லாப் படத்திலும் முதுகு.

இனி பந்தயம். கடைசிப் படத்தில் இருக்கிற மஞ்சள் மூக்கு நாரைகள் கூண்டில் இல்லை. சூவின் ஏரியைச் சுற்றியுள்ள மரங்களில் தாமாகக் கூடு கட்டி, தாமாகப் பறந்து திரிகின்றன. வேடந்தாங்கல் போனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பறவை, கோலாலம்பூருக்கு வந்தேறி. சூவில் வளர்ந்த கூட்டம் பெருகிப் பெருகி இங்கேயே குடியேறிவிட்டது. நம்மைப் போலத்தான், எந்த ஊர் என்று கேட்டால் இந்த ஊர் என்றுதான் சொல்லும். வேலி தாண்டிப் போகலாம், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே நாசி கண்டார் நீங்கள்தான் வாங்க வேண்டும், குழம்பு வெள்ளமாக ஊற்றச் சொல்லி. ஆனால் நாரைக் கணக்கில், தட்டிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கிள்ளான் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், இந்தக் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள்.