விற்பவரின் நொத்தாரிசே உறுதி எழுதினால் போதுமா?
யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீடு வாங்கவிருக்கும் நீங்கள், விற்பவரின் நொத்தாரிசே (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவரே) உறுதியை, அதாவது காணி உரிமைப் பத்திரத்தை, முடிப்பதால் உங்களுக்கெனத் தனியே ஒரு சட்டத்தரணி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை என்பதே என் உறுதியான கருத்து.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, அறுதி உறுதி (முழு விற்பனைப் பத்திரம்) நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டாலே செல்லும். ஆனால் விற்பவருக்கே இல்லாத உரித்தை அந்த ஒப்பம் உங்களுக்குத் தந்துவிடாது. ஆகவே காணிப் பதிவகத்தில் வழக்கமாக 30 ஆண்டுக்காலப் பதிவுகளைத் தேடி, பழைய சீதன உறுதி, நன்கொடை, தீராத ஈடு (அடமானம்) ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவர் உங்களுடையவராக இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில், இங்குள்ள தமிழரின் மரபுவழிச் சட்டமான தேசவழமையும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; பிரிக்கப்படாத பங்கு விற்கப்படும்போது, முதலில் வாங்கும் உரிமையை ஏனைய பங்காளிகளுக்கு 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் வழங்குகிறது. சகோதரர்கள் பல நாடுகளில் சிதறியிருக்கும் வீடுகள் இங்கே ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அற்றோணித் தத்துவத்தின் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் அளிக்கும் அதிகாரத்தின்) மூலம் விற்றால், அதை அளித்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதைக் கட்டாயம் உறுதிப்படுத்துங்கள். அவர் இறந்ததும் அந்த அதிகாரம் முடிந்துவிடும். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள்.