உறவின்போது அடிவயிற்று வலி: கடலூர் தங்கைக்கு

எண்டோமெட்ரியோசிஸ்னு சொல்லிட்டாங்க, உறவு முடிஞ்சு மறுநாள் வரை அடிவயிறு வலிக்குது, மாமியார் "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்"ங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது வைத்தியம் இல்லம்மா. கர்ப்பத்துல மாதவிடாய் நிக்கறதால சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்பலாம்.

எண்டோமெட்ரியோசிஸ்ங்கறது கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்ற நோய். அந்தத் திசு கர்ப்பப்பைக்குப் பின்பக்கம், மலக்குடலை ஒட்டி வளர்ந்திருந்தா ஆழமா படும்போது சுருக்குனு குத்தும். வலிக்குமோங்கற பயத்துல இடுப்புத்தளத் தசையும் (கர்ப்பப்பை, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கற தசை) இறுகிடும். அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கறதை முதல்ல விடுங்க, அது இறுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். நீங்க மேலே, இல்லன்னா ரெண்டு பேரும் பக்கவாட்டுல படுத்து முயற்சி பண்ணுங்க. ஆழமும் வேகமும் உங்க கையில இருக்கும். மாதவிடாயை ஒட்டின நாட்களைத் தவிருங்க. மெடிக்கல்ல தண்ணி சார்ந்த லூப்ரிகண்ட், அதாவது உராய்வைக் குறைக்கற ஜெல் கிடைக்கும் (தேங்காய் எண்ணெய் ஆணுறையைக் கெடுத்துடும்). முடிஞ்சதும் வெந்நீர்ப் பை. வீட்டுக்காரர்கிட்ட இதையெல்லாம் பகல்ல, சாவகாசமா பேசுங்க, அந்த நேரத்துல வேண்டாம்.

ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் நோய் இல்லன்னு ஆகாது. டயனோஜெஸ்ட் மாதிரி ஹார்மோன் மாத்திரை பலருக்கு வலியைக் குறைக்குது, ஆனா குழந்தைக்கு முயற்சி பண்ணும்போது எடுக்க முடியாது. உங்க திட்டத்தை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. இடுப்புத்தள பிசியோதெரபி பத்தியும் கேளுங்க. கடலூர்ல சரியா பதில் கிடைக்கலன்னா பாண்டி ஜிப்மர் மகளிர் பிரிவுக்குக் காலையிலேயே போங்க, கூட்டம் இருக்கும். உறவுக்கப்புறம் ரத்தம், காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தா தள்ளிப்போடாதீங்க.