விறகு அறுக்க எந்த பார், எந்த செயின்?

ஆடிக் கூழும் குளிரும் சேர்ந்தே வரும் நாடு இது. மே மாதம் பிறந்தாலே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம் கோயில் பின்கட்டிலும் வீட்டுக் கொல்லையிலும் விறகு அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கும் செயின்சா பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

டோங்காட் வாசகர்: என்னிடம் 45 சிசி செயின்சா இருக்கிறது, பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) 16 அங்குலம். காற்றில் சாய்ந்த பெரிய புளூகம் (யூகலிப்டஸ்) மரத்தை விறகாக்க 20 அங்குல பார் மாட்டலாமா?

வேண்டாம். எல்லோருக்கும் நீளத்தின் மேல்தான் கண். 16 அங்குல பாரை வைத்து இரு பக்கமிருந்தும் அறுத்தால் 28 அங்குலக் கட்டையைத் தாராளமாகத் துண்டாக்கலாம். உங்கள் எஞ்சினில் 20 அங்குலம் மாட்டினால், பார் முழுதும் மரத்துக்குள் இறங்கியதுமே செயின் திணறும். எண்ணெய் பம்பும் அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்காமல் பாரின் நுனி காய்ந்து சூடேறும். தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கையில் நீண்ட பாரின் நுனி மறுபுறம் எங்கே இடிக்கிறது என்பதே தெரியாது. நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். நீளம் கூடுவதில் ஒரே லாபம், முதுகு கொஞ்சம் குறைவாக வளையும்.

இன்னொன்று. வேரோடு சாய்ந்த மரத்தின் அடிப்பாகத்தை அறுத்துவிட்டால், வேர்மண்ணோடு நிற்கும் கட்டை திடீரென்று நிமிர்ந்துகொள்ளும். அந்த ஒரு வெட்டை மட்டும் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: கடையில் 14 அங்குல செயின் என்று கேட்டுத்தான் வாங்கினேன். என் 14 அங்குல பாரில் ஏறவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். 14 அங்குலம் என்பது பாரின் நீளம். செயினுக்கு அது அடையாளமே அல்ல. செயினுக்குத் தேவை மூன்று எண்கள்: பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கனம், டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பல்) எண்ணிக்கை. எஞ்சினை ஒட்டிய பாரின் அடிப்பகுதியில் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் பழைய செயினை மேசையில் வையுங்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து, அதில் பாதியை எடுத்தால் பிட்ச். பாதி 8.25 மில்லிமீட்டர் என்றால் அது .325 அங்குலம்; ஏறக்குறைய 9.5 என்றால் 3/8 அங்குலம். இந்த 3/8-இல்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சிறிய எஞ்சினுக்கு உரிய தாழ்ந்த வகை ஒன்று, பெரிய எஞ்சினுக்கு உரிய முழு வகை ஒன்று என இரண்டு உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாது. ஓரிகான் கம்பெனி செயினில் 91 என்று போட்டிருந்தால் அது தாழ்ந்த வகை.

கனம் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பல்லின் தடிப்பு, அங்குலக் கணக்கில்: .043, .050, .058, .063. தடித்தது குறுகிய பள்ளத்தில் இறங்காது, அதனால் தப்பித்தோம். மெல்லியது அகன்ற பள்ளத்தில் இறங்கிவிடும், அதுதான் தொல்லை. செயின் பக்கவாட்டில் ஆடி, வெட்டும் கோணலாகி, பாரையும் தின்றுவிடும்.

கடைசியாக, பள்ளத்துக்குள் போகும் அந்தப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஸ்டில் கம்பெனியின் 14 அங்குல பாருக்கு 50, ஹஸ்க்வர்னா கம்பெனியின் 14 அங்குல பாருக்கு 52 என்பது வழக்கம். உங்களுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான். எஞ்சின் பக்க ஸ்பிராக்கெட்டும் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பாரின் நுனிச் சக்கரமும் அதே பிட்ச்சில் இருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

டண்டி வாசகர்: காய்ந்த செக்கல்போஸ் (கடினமான முள்மரம்) அறுக்கிறேன். நாலு கட்டைக்குள் புது செயினே மழுங்கிவிடுகிறது. கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) பல் வைத்த செயின் வாங்கலாமா?

நீங்கள் மாட்டியிருப்பது முழுச் சதுர முனைப் பல்லாக இருக்கும். பச்சையான, சுத்தமான மரத்தில் அது பறக்கும். காய்ந்த கடின மரத்திலும் மண் ஒட்டிய பட்டையிலும் அந்தக் கூர்முனைதான் முதலில் போகும். செமி சிசல் என்று கேட்டு வாங்குங்கள். முனை சற்று உருண்டையாக இருக்கும். வேகம் கொஞ்சம் குறைவு, கூர் நின்று பிடிக்கும். வாட்டில், செக்கல்போஸ் என்று நம் பக்கத்து விறகுக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்வதில்லை. கார்பைடு விலை அதிகம். தீட்ட வைரச் சக்கரம் வேண்டும். வீட்டு விறகுக்கு அது வீண் செலவு. அறுக்கும் முன் கட்டையில் உள்ள மண்ணை இரும்புத் தூரிகையால் தட்டிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மேற்கே உறவினர் வீட்டுக்குப் போய்க் கேமல்தார்ன் மர விறகு ஏற்றி வரலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட மரம். பட்ட கிளையானாலும் அனுமதி இல்லாமல் வெட்டவோ ஏற்றவோ கூடாது.

ஃபீனிக்ஸ் வாசகி: கோயில் சமையலுக்கு விறகு அறுக்கும் தம்பிமார் பழைய எஞ்சின் எண்ணெயைத்தான் செயினுக்கு ஊற்றுகிறார்கள். பரவாயில்லையா, அண்ணா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன், அம்மா. அதில் உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களும் உண்டு. அது அறுப்பவர் மேல் தெறிக்கிறது, விறகிலும் இறங்குகிறது. ஒட்டும் தன்மையும் கிடையாது, நுனிச் சக்கரத்தில் வீசி எறியப்பட்டுவிடும். பார் எண்ணெய் என்றே கடையில் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள்.

கோயில் அடுப்பு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து வரும் விறகில் தம்போட்டி என்ற நச்சுப் பால் மரம் கலந்திருந்தால் தனியே ஒதுக்குங்கள். அதன் புகையில் வெந்ததைச் சாப்பிட்டால் வயிறு கெடும். அறுக்கும்போது அதன் பாலும் தூளும் கண்ணைப் பதம்பார்க்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: நேராக வைத்து அறுத்தாலும் வெட்டு ஒரு பக்கமாகவே வளைகிறது.

ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தை விடக் குட்டையாகிவிட்டன. வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் அரம் அழுத்தமாக விழும், மறுபக்கம் தடவிக்கொண்டு போகும். மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்கு இறக்குங்கள். தாழ்ந்த 3/8-க்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325-க்கு 4.8. பல்லின் முன்னால் உள்ள, வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ரேக்கர் என்ற மேட்டையும் அவ்வப்போது தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல் முனைக்கும் அதற்கும் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். அதற்கு மேல் இறக்கினால் ரம்பம் வெடுக்கென்று இழுக்கும். கூர் சரியாக இருந்தால் தேங்காய்த் துருவல் போல் செதில் விழும். வெறும் தூளாக விழுந்தால் மறுபடியும் அரத்தை எடுங்கள்.

தீட்டியும் வளைகிறது என்றால் பாரின் இரு விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தேய்மானம் சமமாகும்.

ஸ்டாங்கர் வாசகர்: புது செயின் அடிக்கடி தளர்கிறது. பழுதா?

பழுதில்லை. புது செயின் முதல் சில டேங்க் பெட்ரோல் வரை நீளத்தான் செய்யும். நுனியைத் தூக்கிப் பிடித்து இறுக்குங்கள். பாரின் அடியில் செயின் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது செயின் சுருங்கும். அந்த இழுப்பு எஞ்சினின் பேரிங் வரை போகும்.