சுரங்கத்திலும் ஆலையிலும் ஓய்வுபெற்ற ரயில் எஞ்சினை வாங்கினால், அதை வைத்து உடனே சுற்றுலா ரயில் ஓட்டிவிட முடியுமா?

முடியாது. இதில் வாங்குவதுதான் சுலபமான வேலை. வேல்ஸில் ஒரு சின்ன நேரோ கேஜ் பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே அகலம் குறைந்த பாதையில், சனி, ஞாயிறுகளில் தன்னார்வலராக ஆறு வருடமாக வேலை செய்கிறேன். வாங்கியதற்கும் ஓடியதற்கும் நடுவே எத்தனை சனிக்கிழமைகள் போகும் என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரிவதில்லை.

வேல்ஸிலேயே உள்ள டாலிலின் ரயில்பாதையில் நடந்ததையே பாருங்கள். தன்னார்வலர்கள் ஒரு ரயில்பாதையை ஏற்று நடத்தியது உலகிலேயே முதலில் அங்கேதான், 1951ல். அயர்லாந்தில் சதுப்பு நிலத்திலிருந்து பீட், அதாவது மக்கிய தாவரங்கள் படிந்த மண், வெட்டி எரிபொருளாக விற்றுவந்த அரசு நிறுவனம் போர்ட் ந மோனா. அது 1949ல் மூன்று சிறிய நீராவி எஞ்சின்களைச் செய்து வாங்கியது. அவையும் நிலக்கரிக்குப் பதில் பீட்டையே எரித்து ஓடின. சில வருடங்களிலேயே டீசல் எஞ்சின்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. சும்மா நின்றவற்றில் ஒன்றை டாலிலின்காரர்கள் 1969ல் வாங்கினார்கள். அது மூன்றடி அகலப் பாதைக்குச் செய்தது. டாலிலின் பாதையோ இரண்டடி மூன்று அங்குலம். ஒன்பது அங்குலத்தைக் குறைப்பது சக்கரத்தை உள்ளே தள்ளுவதோடு முடிகிற காரியமா? ஏறக்குறைய புது எஞ்சினாகவே வரைந்து, பழைய பாகங்களில் உதவுவதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டினார்கள். அது வேலைக்கு வந்தது 1991ல். இருபத்திரண்டு ஆண்டுகள்! அந்தப் பாதையைக் காப்பாற்ற முன்னின்ற டாம் ரோல்ட்டின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அவர் 1974லேயே இறந்துவிட்டார்.

வேல்ஸின் இன்னொரு சுற்றுலாப் பாதையான ஃபெஸ்டினியாக்குக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். பக்கத்திலேயே பென்ரின் கற்பலகைக் குவாரியின் ரயில் 1962ல் மூடப்பட்டது. லிண்டா, பிளான்ச் என்று 1893ல் ஹன்ஸ்லெட் கம்பெனி செய்த இரண்டு எஞ்சின்கள் அங்கிருந்து வந்தன. இரண்டு பாதைக்கும் அகல வித்தியாசம் முக்கால் அங்குலம்தான். ஆனாலும் முக்கால் அங்குலம் முக்கால் அங்குலம்தானே, அதையும் சரிசெய்தாக வேண்டும். குவாரிப் பாதைக்குச் செய்தவை பயணிகள் ரயிலின் வேகத்தில் ஆட்டம் போடாமல் இருக்க, பிறகு முன்னால் ஒரு ஜோடி சிறிய சக்கரங்களைச் சேர்த்தார்கள். பின்னால் எரிபொருள் வைக்கும் டெண்டர் என்ற வண்டியையும் சேர்த்தார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் பிரேக். குவாரியிலோ ஆலையிலோ எஞ்சினுக்கு அதன் சொந்த பிரேக் இருந்தால் போதும். பயணிகள் ஏறினால் கதை வேறு. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஏற்றத்தில் நின்றுவிட்ட சுற்றுலா ரயிலின் பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றியபோது அவை பின்னோக்கி உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். கழற்றினால் தானாகப் பிடிக்காத பிரேக் அது. ரயில் இரண்டாகப் பிரிந்தாலும் எல்லாப் பெட்டிகளிலும் தானே பிடிக்கிற பிரேக் பயணிகள் ரயிலுக்கு வேண்டும் என்று பிரிட்டனில் அந்த ஆண்டே சட்டம் வந்தது. எங்கள் குவாரி எஞ்சினுக்கு அந்த மாதிரியான வேக்குவம் பிரேக்கும் அதற்கான குழாய்களும் பொருத்தவே ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. அந்த வேலையை நான் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. வரும் கூட்டத்தில் பாதிப் பேர் குழந்தைகள்.

அடுத்தது பாய்லர். நெருப்பு எரியும் அறையான ஃபயர்பாக்ஸின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். என்னோடு வேலை செய்யும் பெரியவர் நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். ஃபயர்பாக்ஸ் கதவு வழியாக உடம்பை நுழைத்து உள்ளே உட்கார்ந்துகொண்டு, சின்ன சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டையும் தட்டுவார். நல்ல போல்ட் "டிங்" என்று கணீரெனச் சொல்லும். உடைந்தது மண்பானை விரிசல் விட்ட மாதிரி "டப்" என்று கேட்கும். வெளியே நான் சாக்பீஸோடும் வரைபடத்தோடும் உட்கார்ந்து, அவர் வரிசை எண்ணைச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வேன். முதல் வருடம் எனக்கு இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் உறுப்பினர்களின் சின்னச் சின்ன மாதத் தொகைதான். எஞ்சினை ஒரு குழு சொந்தமாக வைத்துக்கொண்டு, ரயில்பாதை அதை ஓட்டுவதும் சகஜம்.

வாங்க நினைக்கும் குழுவுக்கு என் யோசனை: விலையைக் கேட்பதற்கு முன் பாய்லரைப் பாருங்கள். பெயின்ட்டையோ பித்தளையையோ பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் பாதையின் அகலத்தையும் மிகக் கூர்மையான வளைவையும் அளந்து கையில் வைத்துக்கொண்டு போங்கள். சுத்தியலின் சத்தம் பிரிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

எங்கள் எஞ்சின் இப்போது பாய்லர் இல்லாமல் வெறும் சட்டமாக நிற்கிறது. போன சனிக்கிழமை, இறக்கி வைத்த பாய்லரின் பழைய ட்யூப்களைக் கழற்றி முடித்தோம். உள்ளே தண்ணீரிலிருந்து படிந்து இறுகியிருந்த உப்புப் படிவு கட்டை விரல் கனம் இருந்தது. இந்தச் சனிக்கிழமை சுரண்டும் வேலை.