94 பாகையில் கொதிக்கும் தண்ணீரும் டைட்டேனியாவும்: கேள்வி பதில்

உலை இல்லாமல், குறைந்த சூட்டில் டைட்டேனியம் டைஒக்சைட் (டைட்டேனியா) நானோபளிங்குப் படலம், அதாவது மிக நுண்ணிய படிகங்களாலான மெல்லிய பூச்சு, செய்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் இதோ.

ஹட்டன், ஏ/எல் இரசாயன ஆசிரியர்: சேர், 450, 500 பாகையில் சுடவேண்டும் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. எங்களிடம் உலை இல்லை.

வேண்டியதில்லை. காய்ந்த படலத்துக்குள் அணுக்கள் இடம்மாறுவது கஷ்டம், அதனால்தான் அத்தனை சூடு. தண்ணீருக்குள் நிலைமை வேறு. டைட்டேனியம்–ஒட்சிசன் பிணைப்புகளை நீரும் அமிலமும் உடைத்து உடைத்துத் திரும்பக் கட்டவிடுகின்றன. கரைந்து மறுபடி படியும்போது ஒழுங்கு வந்துவிடுகிறது. நைத்திரிக் அமிலம் கலந்த ஏராளமான நீருக்குள் டைட்டேனியம் தரும் மூலப்பொருளான டைட்டேனியம் ஐசோபுரொப்பொக்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 80 பாகையில் பல மணி நேரம் கலக்குங்கள். முதலில் கட்டிகட்டியாய் வெள்ளை வீழ்படிவு. பிறகு அது மெல்லக் கரைந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலேசாய் நீலம் பாயும் கூழ்மமாகும். அதில் 5 நானோமீற்றர் அளவு அனடேஸ் (டைட்டேனியாவின் ஒரு படிக வடிவம்) பளிங்குகள். கண்ணாடியைத் தோய்த்து மெதுவாகத் தூக்கினால் படலம். மெல்லியதாய் வந்தால் சரித்துப் பார்க்கையில் ஊதா, நீலம் தெரியும்.

ஒரு குறை உண்டு: சுட்ட படலம்போல் இறுகப் பிடிக்காது, நகத்தால் கீறினால் வரும். ஆனால் சாதாரண சோடாக் கண்ணாடியைச் சுடும்போது சோடியம் படலத்துக்குள் ஏறி ஒளிவினையை (வெளிச்சம் பட்டு அழுக்கைச் சிதைக்கும் வேலையை) கெடுக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

அமில வேலை இது: கண்ணாடிப் பாத்திரம், புகைபோக்கிக் கூடு வேண்டும். சமையல் சட்டி வேண்டாம்.

நுவரெலியா: எங்கள் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறதே, படிகம் வராதா?

வரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கொதிநிலை 94தான். ஆனால் செய்முறைக்கு வேண்டியது 80.

தலவாக்கலை: ஒத்துக்கொள்ள மாட்டேன். சூடு கூடினால் வேகம் கூடும். பிரஷர் குக்கர் போதுமே, 120 பாகை கிடைக்கும்.

வேகம் கூடும் என்பது சரி. குக்கர் என்பது பிழை. அலுமினியத்தை ஐதான நைத்திரிக் அமிலமும் அரிக்கும், அந்த அயன்கள் உங்கள் கூழ்மத்துக்குள்தான் போகும். அடுத்த நாள் அதிலேயே பருப்பு வேகும். 100க்கு மேல் போகவேண்டுமானால் டெஃப்லோன் உட்கூடு உள்ள ஒட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்).

தலவாக்கலை (திரும்பவும்): உட்பக்கம் கண்ணாடிப் போத்தல் வைத்தால்?

அமில ஆவி எங்கே போகும்? மூடிக்கும் வால்வுக்கும். வேண்டாம் தம்பி.

பதுளை: அவர் கேட்டது நியாயம்தானே, சேர். எங்களுக்கு ஒட்டோகிளேவ் யார் தருவார்?

நியாயம்தான். அதனாலேயே 80 பாகை முறையைச் சொன்னேன். அவசரம்தான் குக்கரைக் கேட்கிறது, வேதியியல் கேட்கவில்லை. நம் ஊரில் கவனிக்கவேண்டியது சூடு அல்ல, ஈரம். ஐசோபுரொப்பொக்சைட் போத்தலை மூடுபனி நாளில் திறந்து வைத்தால் வாயிலேயே வெள்ளைப் பொருக்கு கட்டும். மதுசாரம் கலந்த கூழ்மத்தில் தோய்த்தால், ஆவியாகும் குளிரில் பனி படிந்து படலம் பால்நிறமாகும். வெயில் காய்ந்த மத்தியானத்தில் தோய்க்கவும்.

பண்டாரவளை: பெயின்ட் கடையில் விற்கும் வெள்ளைப் பொடியைக் கரைத்துப் பூசலாமா?

இல்லை. அது 200, 300 நானோமீற்றர் ரூட்டைல், டைட்டேனியாவின் இன்னொரு படிக வடிவம். பெயின்ட் கெடாமலிருக்க அலுமினா, சிலிக்கா பூசி ஒளிவினையை அடக்கி வைத்தது.

மாத்தளை: வெள்ளைப் பொடி...

மேலே பாருங்கள்.

வெலிமடை: பசுமைக்குடில் பொலித்தீனில் பூசினால் பாசி பிடிக்காமல் இருக்குமா?

பாசிக்கு முன்னால் பொலித்தீனைத் தின்னும். இடையில் சிலிக்காத் தடுப்புப் படை வேண்டும், விலை கட்டாது.

கம்பளை: புல்மோட்டைக் கடற்கரைக் கனிம மணலில் இருந்து நாங்களே எடுக்க முடியுமா?

அங்கே ரூட்டைலும் உண்டு, இல்மனைட்டும் (இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம்) உண்டு. இல்மனைட்டை உடைக்கச் செறிந்த சல்பூரிக் அமிலம் வேண்டும். பாடசாலைக்குச் சரிவராது.

பேராதனை மாணவி: எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்கதிரால் பளிங்கை அறியும் அளவீடு) கண்ணாடியின் மேடு மட்டும் வருகிறது, அனடேஸ் முனையே (வரைபடத்தில் எழும் உச்சி) இல்லை. படலம் பளிங்கா இல்லையா?

நல்ல கேள்வி, தங்கச்சி. 100 நானோமீற்றர் படலத்தைச் சாதாரண முறையில் அளந்தால் கற்றை கண்ணாடிக்குள் போய்விடும். தாழ்கோணத்தில் அளக்கக் கேளுங்கள். செம்பு எக்ஸ்கதிரில் அனடேஸ் 25.3 பாகையில் வரும். 5 நானோமீற்றர் பளிங்கென்றால் முனை 1.6 பாகை வரை அகலும், கூராய்த் தேடினால் கிடைக்காது. 30.8இல் சிறு மேடு இருந்தால் டைட்டேனியாவின் மூன்றாவது வடிவமான புரூக்கைட்டும் கலந்திருக்கிறது. அதன் முதன்மை முனை அனடேஸோடு ஒட்டி நிற்பதால் பலர் தவறவிடுகிறார்கள். ராமன் நிறமாலை கிடைத்தால் இன்னும் நல்லது: 144 cm⁻¹இல் அனடேஸ் பலமாய்க் கத்தும். கூழ்மத்தைப் பொடியாக்கி அளக்கலாம், ஆனால் 60 பாகைக்குள் உலர்த்துங்கள். 400இல் உலர்த்திவிட்டு, குறைந்த சூட்டில் பளிங்கு வந்தது என்று எழுதினால் மேற்பார்வையாளர் கேட்பார்.

ஹப்புத்தளை: பெயின்ட் பொடி...

மேலே.

கண்டி: பற்பசையில் இதே பொருள் இருக்கிறதாமே, உடம்புக்கு ஆகுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. மீதியை வைத்தியரிடம் கேளுங்கள். நான் கண்ணாடிக்குப் பூசுகிறவன்.